தொழிலாளர் மாலைக் கல்லூரியொன்றின் இசையாசிரியர்கள்

கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் விளக்க ஏடுகளில் ஆசிரியர் பெயரும் அவர்தம் பட்டமும் தவறாது இடம்பெறும். கணிதம், பௌதிகம் முதலிய துறைகளிற் பட்டம் ஒருவாறு அளவுகோலாக அமைதல் கூடும். இசைத்துறையில் அஃது எத்துணைப் பயன்படும் என்பது ஆராயற்பாலது. ஒருவர் யாரிடம் கற்றார், எச்சபையிற் பாடினார், எவ்வரங்கிற் பாராட்டுப் பெற்றார் என்னும் செய்திகளை மட்டுங் கொண்டு அவர்தம் கற்பித்தற்றிறனை அளந்துவிடலாம் என எண்ணுவோர் எங்கும் உளர். இவ்வெண்ணம் எந்த அளவிற்குப் பொருந்தும், எந்த அளவிற்குப் பொருந்தாது என்பதைத் தனியொரு கல்லூரியை எடுத்துக்கொண்டு நோக்குதல் தெளிவு தரும். அதற்கு ஏற்றதாய் அமைவது தென் இலண்டனிலுள்ள மோர்லிக் கல்லூரி. பகலெல்லாம் உழைத்த ஆண்களும் பெண்களும் மாலையில் வந்து கற்பதற்கென எழுந்த சமுதாயக் கல்லூரி அது. பட்டம் வழங்கும் பல்கலைக்கழகமும் அன்று. தொழில்முறைக் கலைஞரை ஆக்கும் இசைக்கழகமும் அன்று. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் ஆங்கில இசை வரலாற்றை எழுதப் புகுவோர் அதனைக் கடந்து செல்லல் அரிது.

கல்லூரி தோன்றிய கதை சுவையானது. தேம்ஸ் ஆற்றின் தென்கரையில், குடியும் கூச்சலும் மலிந்த நாடகசாலையாக விளங்கிய றோயல் விக்ரோறியா மண்டபத்தை எமா கோன்ஸ் என்னும் அம்மையார் 1880 இற் பொறுப்பேற்று, மதுவில்லாப் பொழுதுபோக்கிடமாக மாற்றினார். 1882 தொடக்கம் அங்கே ஒரு பென்னிக் கட்டணத்தில் அறிவியற் சொற்பொழிவுகள் நிகழ்ந்தன. கேட்டவர்கள் மேலும் கற்க விரும்பினர். மேடைக்குப் பின்னுள்ள அறைகளில் வகுப்புக்கள் கூடின. இம்முயற்சிக்குப் பொருளுதவி புரிந்த சாமுவேல் மோர்லி என்னும் ஆலையதிபர் 1886 இல் மறைய, அவர் நினைவாக 1889 இல் ‘உழைக்கும் ஆடவர் மகளிர்க்கான மோர்லி நினைவுக் கல்லூரி’ முறையாகத் திறக்கப்பட்டது. ஆடவரும் மகளிரும் ஒப்ப உரிமை பெற்றுக் கற்றமை அக்காலத்திற் புதுமையே. நடிகர் ஒப்பனை செய்யும் அறைகளிற் பாடநூலை விரித்துக் கற்ற மாணவர் கூட்டத்தைக் கற்பனை செய்து பார்த்தால், அங்கு இசை பிற்காலத்திற் செழித்தமை வியப்பாகத் தோன்றாது. சுவருக்கு அப்பால் எப்பொழுதும் மேடை இருந்தது.

இக்கல்லூரிக்கு 1907 இல் இசைத்துறைத் தலைவராக வந்தவர் குஸ்தாவ் ஹோல்ஸ்ற். அவர்தம் பின்னணியை விளக்க ஏட்டின் முறையில் எழுதினால் குறைவொன்றும் தோன்றாது. இறீகா நகரிலிருந்து இங்கிலாந்து வந்து குடியேறிய இசைவாணர் பரம்பரை. செல்ற்றனம் நகரிற் பியானோ ஆசிரியராகவும் தேவாலய ஓர்கன் வாசிப்பவராகவும் வாழ்ந்த தந்தை. 1893 இல் இலண்டன் றோயல் இசைக்கல்லூரியிற் சேர்க்கை. ஸ்ரான்போட்டிடம் இசையாக்கப் பயிற்சி. ஆனால் உண்மை வரலாறு இவற்றுக்கு இடையிற் கிடக்கின்றது. 1874 இற் பிறந்த அவரைப் பியானோக் கலைஞராக்க வேண்டுமென்பது தந்தையின் விருப்பம். வலக்கையிற் பற்றிய நரம்பு நோய் அவ்விருப்பத்தை முறித்தது. கண்பார்வை குறைவு, மூச்சிழுப்பு வேறு. பியானோ கைவிட்டுப் போகவே அவர் றொம்போன் என்னும் பித்தளை ஊதுகருவியைக் கைக்கொண்டார். கல்லூரி நீங்கிய பின் இசைநாடகக் குழுக்களிலும் ஸ்கொற்லாந்துப் பல்லியத்திலும் அக்கருவியை ஊதியே பிழைத்தார். கோடைகாலங்களிற் கடற்கரைப் பட்டினங்களில் வியன்னாக்காரர் போல உடையணிந்து வாசிக்கும் வாத்தியக் குழுவொன்றிலும் சேர்ந்து ஊதினார். இந்தச் செய்தியை எந்தக் கல்லூரியின் விளக்க ஏடும் அச்சிடாது.

எனினும், ஆசிரியராகிய ஹோல்ஸ்ற்றை ஆக்கியது பெரும்பாலும் இதுவே எனலாம். பல்லியத்தின் பின் வரிசையில் அமர்ந்து, தன் முறை வரும்வரை நெடுநேரம் எண்ணிக்கொண்டு காத்திருக்கும் றொம்போன்காரனுக்கு ஏனையோர் செய்வதைக் கேட்பதே பெருந்தொழில். எக்கருவிக்கு எது எளிது, எது அரிது, எழுதியவன் எங்கே தவறினான் என்பதெல்லாம் அவ்விடத்திலிருந்து நன்கு விளங்கும். இஃதன்றி, வில்லியம் மொறிஸ் என்னும் கவிஞர் இல்லத்திற் கூடிய ஹமசிமித் சமவுடைமையாளரின் பாடற்குழுவையும் இளமையிலேயே அவர் நடத்தியிருந்தார். பயிலாக் குரல்களைக் கூட்டிப் பாடவைக்கும் தொழிலை அங்கே கற்றார். பின்னர் மனைவியாரான இசபெல் அம்மையாரைக் கண்டதும் அங்கேதான். 1903 அளவில் ஊதுதொழிலை விட்டுப் பாடசாலைகளை நாடினார். டலிச் பகுதிப் பெண் பாடசாலையொன்றில், நண்பர் வோண் வில்லியம்ஸ் விட்டுச் சென்ற இடம் 1904 இற் கிடைத்தது. 1905 இல் ஹமசிமித்திலுள்ள சென் போல்ஸ் பெண்கள் பாடசாலையில் அமர்ந்தார். 1934 இல் இறக்கும்வரை அத்தொடர்பு அறவில்லை. மோர்லி இவற்றோடு சேர்ந்த மாலைத் தொழில்.

மோர்லியில் அவர் கண்ட மாணவர் எழுதுவினைஞர், கடைச் சிற்றாட்கள், தையற்காரிகள், வீட்டுப் பணிப்பெண்கள் போன்றோர். களைத்து வருபவர், இனிய பாட்டொன்றைப் பாடிக் கவலை மறந்து வீடு செல்ல விரும்பியவர். புதிய தலைவரோ சுரம் வாசிக்கக் கற்குமாறும், முன்னறியாத பழம் இசையைப் பயிலுமாறும் வற்புறுத்தினார். தொடக்கத்திற் பலர் விலகினர். இது கண்டு அவர் முறையை மாற்றினாரல்லர். எஞ்சினோர் சிலரோடு தொடங்கினார். பின்னர்க் கூட்டம் பெருகியது. பல்லியத்திலும் இன்ன கருவி வேண்டும், இன்னது வேண்டா என்னும் விதியை அவர் வைத்ததில்லை. எவர் எந்தக் கருவியோடு வந்தாரோ அவருக்கு அக்கருவிக்கேற்ப ஒரு பகுதியை எழுதிக் கொடுத்தார். வெறுந் தந்தியை மட்டும் இழுக்கத் தெரிந்தவருக்கு வெறுந் தந்தியிலே ஒலிக்கும் சுரங்களைக் கொண்ட பகுதி கிடைத்தது. தகுதியில்லாதாரைச் சேர்க்கிறார் என்று இதனைக் குறை கூறலாம். ஆயினும், குறைந்த பொருளைக் கொண்டு நிறைந்த ஒலியைப் பெறுதல் எவ்வாறு என்னும் பயிற்சியை வாரந்தோறும் பெற்றவர் ஆசிரியரே என்பதை மறத்தலாகாது.

இவ்வுழைப்பின் முதற் பெரும் பயன் 1911 ஆம் ஆண்டு யூன் 10 ஆந் திகதி வெளிப்பட்டது. பதினேழாம் நூற்றாண்டின் ஆங்கில இசைமேதை ஹென்றி பேர்செல் 1692 இல் ஆக்கிய ‘வனதேவதைகளின் அரசி’ என்னும் பெரும் இசையின் சுரப்பிரதி, அவர் 1695 இல் மறைந்த சில ஆண்டுகளில் தொலைந்து போயிற்று. இரு நூற்றாண்டுகள் கழிந்து 1901 இல் அது கண்டெடுக்கப்பட்டது. பாடுவோர்க்கும் வாசிப்போர்க்கும் வேண்டிய தனித்தனிப் பகுதிகள் அச்சில் இல்லை. மோர்லி மாணவர்கள் ஏறத்தாழ 1500 பக்கங்களைக் கையாற் பிரதிசெய்தனர். பகல் முழுதும் கணக்கேட்டில் எழுதிய கை இரவிற் சுரம் எழுதியது. மண்டபத்தில் அவர்கள் அதனைப் பாடி வாசித்த வேளையில், வோண் வில்லியம்ஸ் முன்னின்று சபையோர்க்கு விளக்கங் கூறினார். பதினேழாம் நூற்றாண்டின் பின் அந்த இசை முழுமையாகக் கேட்கப்பட்டது அதுவே முதன்முறை. பெரும் இசைக்கழகங்கள் செய்யாத காரியத்தை மாலை வகுப்பு மாணவர் செய்தனர். நிகழ்ச்சி தொழிற்கலைஞர் தரத்திற்கு நிகரானதாக இருந்திருக்க வேண்டியதில்லை. தொலைந்த ஓலைச்சுவடியைக் கண்டெடுத்துப் படித்த முதற் குரல் திக்கித் திக்கிப் படித்தாலும் அதன் மதிப்புக் குறையுமோ?

ஹோல்ஸ்ற்றைப் பற்றி இந்துக்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி மற்றொன்றுண்டு. இளமையில் இந்தியச் சமயம் பற்றி ஆங்கிலத்தில் எழுந்த நூலொன்றைப் படித்த அவர், இருக்குவேதப் பாக்களுக்கு இசையமைக்க விரும்பினார். கிடைத்த ஆங்கில மொழிபெயர்ப்புக்கள் பாடுவதற்கு ஒவ்வாமையால் வடமொழியைத் தாமே கற்கத் துணிந்தார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் அவருக்கு அம்மொழியைக் கற்பித்தவர் மேபல் போட் என்னும் பெண்மணி. இலங்கையர்க்கு இப்பெயர் புதிதன்று. வில்கெலம் கைகர் 1912 இல் வெளியிட்ட மகாவமிச ஆங்கில மொழிபெயர்ப்பிற்கு உதவியவர் இவரே. ஹோல்ஸ்ற் வடமொழியிற் புலமை பெற்றாரெனல் மிகையாகும். அகராதியின் துணையோடு ஒவ்வொரு சொல்லாகப் பொருள் தேடிச் சென்று, பிறர் பெயர்ப்புக்களையும் ஒப்புநோக்கித் தமக்கு வேண்டிய அளவில் ஆங்கிலப்படுத்திக்கொண்டார். 1908 க்கும் 1912 க்கும் இடையில் நான்கு தொகுதிகளாக அவர் அமைத்த இருக்குவேதக் குழுப்பாடல்கள் இவ்வாறு பிறந்தவை. அவற்றுள் மூன்றாந் தொகுதி பெண்குரல்களுக்கும் யாழ்வகைக் கருவியாகிய ஹார்ப் ஒன்றிற்கும் மட்டும் எழுதப்பட்டது. இந்திய இராகம் எதனையும் அவர் கையாளவில்லை. வேதத்தின் ஒலியை ஐரோப்பாவிற்குக் கொணர்ந்தார் என்று சிலர் புகழ்வது தவறு. அவர் கொணர்ந்தது அதன் பொருள்.

அவர் இந்தியக் கதைகளைக் கையாண்ட நெறியை மூன்று நூல்களில் வைத்து ஒப்பிடலாம். 1899 இல் தொடங்கி 1906 இல் முடித்த ‘சீதை’ மூன்று அங்க இசைநாடகம். வாக்னரின் பேரிரைச்சலில் மயங்கிய இளைஞனின் படைப்பு. பிற்காலத்தில் அவரே அதனை எள்ளிப் பேசினார். 1908 இலும் 1909 இலும் எழுதிய ‘சாவித்திரி’யோ அரைமணி நேரமே நிகழ்வது. பாடுவோர் மூவர், மறைவில் நின்று சொல்லின்றி ஒலிக்கும் குரற்குழு ஒன்று, கருவி வாசிப்போர் பன்னிருவர். திரையும் வேண்டா, மண்டபமும் வேண்டா. திறந்த வெளியே போதுமானது. இவ்விரண்டு நூல்களுக்கும் இடையிலேதான் அவர் மோர்லிக்கு வந்தார். ஆகவே சுருக்கம் என்னும் பண்பைக் கற்பித்தது மாலைக் கல்லூரியே என்று முடிவு கட்டல் எளிது. அம்முடிவு பாதி உண்மையே. 1905 ஐ அடுத்த ஆண்டுகளில் ஆங்கில நாட்டுப்பாடல்களின் எளிமை அவரை ஆட்கொண்டிருந்தது. அதற்கு வோண் வில்லியம்ஸ் காரணர். அன்றியும், மோர்லியிற் சேர்ந்து சில ஆண்டு கழிந்த பின் காளிதாசரின் மேகதூதத்தைப் பெருங் குழுவுக்கும் பெரும் பல்லியத்துக்குமாக விரித்து எழுதி 1912 இல் முடித்தார். 1913 மார்ச்சு மாதத்தில் அது அரங்கேறியபோது சபையோர் குளிர்ந்த வரவேற்பே அளித்தனர்; ஹோல்ஸ்ற் மிகவும் சோர்வுற்றார். சுருக்கத்தின் பாடத்தை ஒரே முறையில் எவரும் கற்றுவிடுவதில்லை போலும்.

‘சாவித்திரி’யைச் சற்று நிதானித்து நோக்குவோம். திரை விலகாமலே, இருளிலிருந்து கூற்றுவன் குரல் துணைக்கருவி எதுவுமின்றி எழுகின்றது. வீட்டினுள்ளிருந்து சாவித்திரியின் குரல் விடை பகர்கின்றது. இரு குரல்களும் வெவ்வேறு சுருதியாதாரங்களில் நடக்கின்றன, சந்திக்கின்றன, ஒன்றாவதில்லை. ஓர் அச்சத்தை உணர்த்த நூறு வயலின்களை நடுங்கவைக்கும் காலத்தில், இரண்டு வெறுங் குரல்களை நம்பியமை பெருந்துணிவு. பயிலாத பாடகரோடு ஆண்டுக்கணக்காக உழன்றவனே தனிக்குரலின் வலிமையையும் அதன் நிர்வாணத்தையும் இவ்வாறு அறிதல் கூடும்.

கதையைக் கையாண்ட வகையில் நிறைவும் உண்டு, குறையும் உண்டு. மகாபாரதம் வனபருவத்திற் சாவித்திரி பெறும் வரங்கள் படிப்படியாக வளர்வன. மாமனின் கண்ணொளியை முதலிற் கேட்கிறாள். பின்னர் அவன் இழந்த அரசு. பின்னர்த் தன் தந்தைக்கு மக்கட்பேறு. அதன் பின்னரே தனக்கு மக்கட்பேறு. அந்த நான்காவது வரத்தில் யமன் சொல்லாற் கட்டுண்கிறான். ஹோல்ஸ்ற் இவற்றை நீக்கிவிட்டார். கூற்றுவன் வரந் தர இசைந்து, கணவன் உயிர் ஒன்று நீங்கலாக எதுவும் கேள் என்கிறான். அவள் தனக்கு ‘வாழ்வு’ வேண்டும் என்கிறாள். கூற்றுவன் அளிக்கிறான், கணவனின்றித் தனக்கு வாழ்வில்லை என அவள் விளக்கவே வாக்கினாற் பிணிப்புண்டு அகல்கிறான். முடிவிற் கூற்றுவனும் மாயையே என்னும் கருத்துத் தொனிக்கின்றது. அரைமணி இசைக்கு இந்த ஒருமை பொருத்தமானது. நான்கு வரங்களையும் பாடத் தொடங்கினால் நாடகம் சிதறும். ஆயினும் மூலத்தை அறிந்தார்க்கு ஒரு வெறுமை தோன்றாமலிராது. மூலத்துச் சாவித்திரி புகுந்த வீட்டை மறந்தவளல்லள். கண்ணிழந்த மாமனை நினைத்த பின்னரே தன்னை நினைத்தவள். யமனோடு அறம் பேசி அவனை மகிழ்வித்தவள். ஹோல்ஸ்ற்றின் சாவித்திரிக்குச் சுற்றமில்லை. காதல் ஒன்றே உண்டு. அவளது அறிவுக்கூர்மையும் மெலிந்து போயிற்று. இந்நூல் 1916 திசம்பர் 5 ஆந் திகதி, முதலாம் உலகப்போரின் நடுவே, இலண்டனில் இசைநாடக மாணவர்களால் முதன்முதல் நடிக்கப்பட்டது. கணவரை இழந்த பெண்கள் தெருத்தோறும் இருந்த காலம் அது. அச்சபைக்கு அந்த ஒரே வரம் போதியதாய் இருந்திருக்கலாம்.

கற்பித்தல் இவரைக் கெடுத்தது என்று வாதிப்போரும் உளர். வாரநாள்களெல்லாம் பாடசாலைகளுக்கும் மோர்லிக்கும் போக, ஞாயிற்றுக்கிழமையும் ஆகஸ்ற் விடுமுறையுமே இசையாக்கத்திற்கு எஞ்சின. 1914 இல் தொடங்கிய ‘கோள்கள்’ 1916 வரை இழுபட்டமைக்கு இதுவே காரணம். இவ்வாதத்தைத் தள்ளிவிட முடியாது. அவருடைய உடல் அவ்வுழைப்பைத் தாங்கவில்லை. 1923 இற் பல்லியத்தை நடத்துங்கால் மேடையிலிருந்து வீழ்ந்து தலையில் அடிபட்டபின் நலிவு மிகுந்து, 1924 இல் மோர்லியைத் துறந்தார். ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பார்த்தல் வேண்டும். ‘கோள்கள்’ எழுதப்பட்டது சென் போல்ஸ் பாடசாலையார் 1913 இல் அமைத்த ஓசைபுகா இசையறையில். நரம்பு நோயாற் கை இயலாதபோது, அப்பாடசாலை உடனாசிரியைகள் அருகிருந்து அவர் சொல்லச் சொல்ல அச்சுரங்களைப் பெரும் பிரதியில் எழுதினர். 1918 செப்ரெம்பர் 29 இல் அது முதன்முதல் தனியரங்கில் ஒலித்தபோது, இறுதிக்கோளின் சொல்லற்ற குரல்களைப் பாடியவர் அவருடைய மாணவியரே. பாடசாலை எடுத்துக்கொண்ட காலத்தை வேறு வகையில் திருப்பிக் கொடுத்தது எனலாம். முழுவதும் திருப்பியதா என்பது வேறு. ஐம்பத்தொன்பது வயதில் இறந்த ஒருவரைப் பற்றி அவ்வாறு உறுதியாகக் கூற எவருக்கும் நாக்கூசும்.

1924 இல் நாடகசாலைக்கு இடம் போதாமையாற் கல்லூரி வெஸ்ற்மினிஸ்ரர் பாலத் தெருவுக்குப் பெயர்ந்தது. இடைக்காலத்தில் ஆணல்ட் பொஸ்ரர் இசைத்துறையைக் காத்தார். அடுத்த பெரும் பெயர் மைக்கேல் ரிப்பெற்.

ரிப்பெற்றின் பின்னணி ஹோல்ஸ்ற்றினதிலிருந்து முற்றும் வேறானது. 1905 இற் பிறந்த அவர் இசைவாணர் குடும்பத்தினரல்லர். தந்தை சட்டமும் வாணிபமும் அறிந்த வசதியாளர். தாய் பெண்கள் வாக்குரிமைக்காகப் போராடிச் சிறை சென்றவர். முறையான இசைப்பயிற்சி குன்றிய நிலையிலே றோயல் இசைக்கல்லூரியிற் புகுந்து 1923 முதல் 1928 வரை பயின்றார். தாம் கற்றது போதாதெனக் கண்டு, எழுதியவற்றை ஒதுக்கிவிட்டு, மீண்டும் ஆசிரியர் ஒருவரிடம் மாணவனாக அமர்ந்தார். வயிற்றுப்பாட்டுக்குச் சிறுவர் பாடசாலையிற் பிரெஞ்சு மொழி கற்பித்தார். பேசும் படம் வந்ததும் நாடகசாலைகளிலும் படசாலைகளிலும் வாசித்த வாத்தியக்காரர் ஆயிரக்கணக்கில் வேலையிழந்தனர். அவர்களைத் திரட்டி 1930 களின் முற்பகுதியில் ரிப்பெற் நடத்திய தென் இலண்டன் பல்லியம் மோர்லியையே நிலைக்களனாகக் கொண்டது. கல்லூரியின் வாயிலில் அவர் முதலில் நுழைந்தது வேலையற்றோரின் துணைவராகவே.

1940 ஒக்ரோபர் 15 இரவு ஜேர்மனியக் குண்டு கல்லூரியின் பழைய கட்டடத்தைத் தகர்த்தது. பலர் உயிரிழந்தனர். அந்த மாதத்திலேயே ரிப்பெற் இசைத்துறைத் தலைமையை ஏற்றார். கட்டடமில்லை, மாணவர் கலைந்தனர், பாடற்குழு கைவிரலால் எண்ணத்தக்கதாய்ச் சுருங்கியது. இடிபாடுகளிடையே பேர்செலின் பதிப்புத் தொகுதிகள் சில அகப்பட்டமை பற்றி அவர் பின்னாளிற் கூறியதுண்டு. ஹோல்ஸ்ற் மாணவர் கையெழுத்தில் மீட்ட அதே பேர்செலைக் கொண்டு அவரும் தொடங்கினார். எஞ்சி நின்ற பகுதியில் ஹோல்ஸ்ற்றின் பெயர் தாங்கிய அறையிலே போர்க்காலக் கச்சேரிகள் நிகழ்ந்தன. ரலிஸ் ஆக்கிய நாற்பது குரற் பாடல், மொன்ரிவேர்டியின் மாலைவழிபாட்டிசை ஆகிய அரிய பழம்படைப்புக்கள் மோர்லியாரின் வாயிலாகவே அக்கால இலண்டனுக்கு அறிமுகமாயின. கன்ரபெரித் தேவாலயக் குழுவிற் பாடிக்கொண்டிருந்த அல்பிரட் டெலரின் உயர்ந்த ஆண்குரலைக் கண்டறிந்து இலண்டனுக்குக் கொணர்ந்தவரும் ரிப்பெற்றே.

அவர் கூட்டிய ஆசிரியர்களின் வாழ்க்கையை நோக்கினால் விளக்க ஏட்டின் முறை முற்றாகத் தோற்றுப்போவதைக் காணலாம். புடாபெஸ்ற்றிற் பிறந்த மற்றியாஸ் சைபர் பிராங்பேட் இசைக்கழகத்தில் யாஸ் இசையைப் பாடமாக்கிக் கற்பித்தவர். நாற்சிகள் ஆட்சியைப் பிடித்ததும் 1933 இல் அவ்வேலை போயிற்று. இலண்டனில் அவருக்கு நிலையான இடந் தர எப்பெருங் கல்லூரியும் முன்வரவில்லை. 1942 இல் மோர்லி தந்தது. 1960 இல் தென்னாபிரிக்காவில் வாகன விபத்தில் மாண்ட அவரிடம் இசையாக்கங் கற்றோர் தொகை பெரிது. வால்ரர் கோர் பேர்லினிற் பிறந்து சோன்பேர்க்கிடம் கற்றவர்; அகதியாய் வந்து மோர்லிக் கச்சேரிகளை நடத்தினார். வால்ரர் பேர்க்மன் ஹாலே நகரில் வழக்கறிஞர். நாற்சிகளாற் சிறையிடப்பட்டு, 1939 இல் இங்கிலாந்து வந்து, அங்கும் அந்நியரென அடைத்து வைக்கப்பட்டவர். அவர் மோர்லியில் றெக்கோடர் என்னும் மரக்குழலைக் கற்பித்தார். சட்டப் பட்டத்தைக் காட்டி ஒருவர் குழலாசிரியர் பதவி கேட்டிருந்தால் எத்தெரிவுச் சபை இசைந்திருக்கும்? வியன்னாவிலிருந்து சிறுவராய் ஓடிவந்து தடுப்பு முகாம்களில் ஒருவரையொருவர் கண்ட இளைஞர் மூவரும் மோர்லிப் பல்லியத்தில் வாசித்தனர். ஆங்கிலேயர் ஒருவரையும் சேர்த்து 1948 சனவரியில் அவர்கள் அரங்கேறிய நால்வர் குழுவே உலகப்புகழ் பெற்ற அமடேயஸ் குழு. அதற்குப் பணவுதவி புரிந்தவர் ஹோல்ஸ்ற்றின் மகள் இமோஜன்.

ரிப்பெற் போர்மறுப்பாளர். மாற்றுத் தொழிலாக விதிக்கப்பட்டவற்றையும் ஏற்க மறுத்து, 1943 யூன் 21 இல் மூன்று மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அதற்கு இரு வாரம் முன்னரே அவர் பாடலொன்றைப் பீற்றர் பியர்சும் பென்ஜமின் பிரிற்றனும் மோர்லியில் முதன்முதல் நிகழ்த்தியிருந்தனர். அவ்விருவரும் சிறைச்சாலையிற் கைதிகளுக்காகக் கச்சேரி செய்தபோது பிரிற்றனுக்கு ஏடு புரட்டியவர் கைதியாகிய ரிப்பெற். இங்கே குறிக்கத்தக்கது இதுவே: குண்டு விழுந்து பலர் மாண்ட இடத்தில், போர் செய்ய மறுத்துச் சிறை சென்ற ஒருவரைக் கல்லூரி நீக்கவில்லை. அவர் வெளிவந்து மீண்டும் தம் இடத்தில் அமர்ந்தார். 1951 வரை அங்கிருந்தார்.

1944 மார்ச்சு 19 இல் அவரது ‘நம் காலத்துக் குழந்தை’ என்னும் பெருங் குழுப்பாடல், மோர்லிப் பாடற்குழுவும் குடிகாப்புப் படையினரின் பாடற்குழுவும் சேர்ந்து பாட, வால்ரர் கோரின் தலைமையில் அரங்கேறியது. 1938 இற் பாரிசில் யூத இளைஞன் ஒருவன் ஜேர்மனிய அதிகாரியைச் சுட்டதும், அதன்பின் யூதர்மீது அவிழ்த்துவிடப்பட்ட கொடுமையும் அதன் பொருள். ஹோல்ஸ்ற்றைப் போலவே ரிப்பெற்றும் சொற்களைத் தாமே எழுதினார். கவிஞர் எலியற்றிடம் கேட்டபோது அவரே அவ்வாறு எழுதுமாறு கூறினாராம். அறிவுரை முழுவதும் நன்மை பயக்கவில்லை. சொற்கள் பல இடங்களில் உளநூற் கலைச்சொற்களைப் போல வறண்டு கிடக்கின்றன. அவ்வறட்சியை நீக்குவன இடையிடையே வரும் அமெரிக்க நீக்ரோ மக்களின் ஆன்மிகப் பாடல்கள் ஐந்து. பெரும் பயிற்சியில்லாத குழுவும் உள்ளம் நிறைந்து பாடக்கூடியவை அவை. யூதர் துயரைக் கறுத்த மக்களின் பாட்டால் ஆற்றி, அதனை அகதிகளும் இலண்டன் எழுதுவினைஞரும் கலந்த கூட்டம் பாடியது. அந்நூலின் நிறைவு அதன் தத்துவத்தில் இல்லை. பாடுவோரை அறிந்து எழுதிய இவ்விடங்களில் இருக்கின்றது.

இருவரையும் ஒப்பிடுங்கால் ஒரு வேற்றுமை புலப்படும். ஹோல்ஸ்ற் அறியாதவர்க்கு அறிவித்தார். ரிப்பெற் அறிந்தவர்களை ஓரிடத்திற் கூட்டினார். முன்னவர் காலத்துப் புகழ் மாணவர் பெற்றது. பின்னவர் காலத்துப் புகழில் ஆசிரியர் பங்கே மிகுதி. இலண்டன் நகரம் மோர்லியின் கச்சேரிக்கு வரத் தொடங்கியபோது, மாலை வகுப்பிற்கு வரும் தையற்காரியைப் பற்றிய பேச்சு வரலாற்று நூல்களிற் குறைகின்றது. போர்க்காலத்தில் வேறு வழி இருந்ததில்லை என ரிப்பெற்றுக்காகப் பரிந்து பேசலாம். அகதிக்கு இடமளித்ததும் தொழிலாளர் கல்லூரிக்கு உரிய அறமே என்றும் கூறலாம். இரண்டும் மெய்யே. எனினும் சமுதாயக் கல்லூரியின் இசையாசிரியர் என்னும் பெயர் முழுப்பொருளில் ஹோல்ஸ்ற்றுக்கே பொருந்தும். தம் பல்லியத்தில் வெறுந் தந்தியை இழுத்தவனுக்கும் ஒரு பகுதி எழுதிக் கொடுத்தவர் அவர்.

ரிப்பெற்றுக்குப் பின் 1952 இல் தலைமையேற்ற பீற்றர் றேசின் பிறிக்கர் 1920 இற் பிறந்தவர். போர் முடிந்தபின் மோர்லியிலே சைபரிடம் கற்றவர். கல்லூரியின் புதிய கட்டடம் 1958 இல் திறக்கப்பட்டபோது பணியிலிருந்தவர் அவரே. 1964 இற் கலிபோர்ணியப் பல்கலைக்கழகமொன்று அவரை அழைத்துக்கொண்டது.